சேவல் சின்னத்தில் எங்கள் அண்ணி

எங்கள் அண்ணி கமலாட்சி பார்லிமெண்டு தேர்தலில் நின்று தோற்றவள் என்று சொன்னால் எங்கள் தீவில், ஹேடோ பக்கம், இன்றைக்கும் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தேசம் முழுவதும் பள்ளிக்கூடங்கள் எப்படி நடக்க வேண்டும் என்று யோசிப்பதற்கு டெல்லியில் ஒரு கமிட்டி போட்டு, அதில் இந்தத் தீவுகளுக்கென்று ஒரு நாற்காலியும் ஒதுக்கியிருக்கிறார்களே, அதில் இப்போது உட்கார்ந்திருப்பது யார்? சிரிக்கிறவர்களா? கப்பலில் கல்கத்தா போய், அங்கிருந்து ரயில் பிடித்து அவள் போகிற ஒவ்வொரு தடவையும் மூட்டை கட்டிக் கொடுப்பவள் நான். அவளுடைய நாத்தனார் மரகதம். நாத்தனார் அண்ணியைப் புகழ்வது உலகத்தில் நடக்கிற காரியம் இல்லை என்பது எனக்கும் தெரியும். நானும் அவ்வளவு சுலபமாகப் புகழ்ந்துவிடுகிறவள் இல்லை.

அவள் இங்கே வந்தது 1962இல். என் அண்ணன் பக்தவத்சலம் ஹேடோ துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பர். என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, மாதத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். அதனால் நான் அண்ணன் குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டேன். அண்ணனுக்குத் திருச்சியில் பெண் பார்த்தார்கள். பூகோளத்தில் எம்.ஏ. என்றார்கள். எம்.ஏ. படித்தவள் வந்து மிளகாய் அரைப்பாளா என்று எனக்கு ஒரே கவலை. அரைத்தாள், என்னைவிட நன்றாகவே அரைத்தாள். ஆனால் வந்த வாரமே கொல்லையில் ஒரு கம்பை நட்டுவிட்டாள். கம்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் கற்களை அடுக்கி, சுண்ணாம்பால் புள்ளி வைத்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வெயிலில் உட்கார்ந்து கம்பின் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு அன்னம்மாள் வேலி ஓரமாக வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி மரகதம், உங்க அண்ணி யாருக்குடி சூனியம் வைக்கிறா? கல்லு, சுண்ணாம்பு எல்லாம் இருக்கு. எலுமிச்சம்பழம் மட்டுந்தான் பாக்கி."

நேரே போய்க் கேட்டுவிட்டேன். அண்ணி வெயிலில் உட்கார்ந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உச்சி வெயில் எப்ப வருதுன்னு பாக்குறேன் மரகதம். கடிகாரத்துல பன்னெண்டு அடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே இங்க உச்சி வந்துடுது. நம்ம கடிகாரம் அலகாபாத் பக்கத்துச் சூரியனுக்கு வச்சது. நாம இருக்கறதோ பர்மாவுக்குக் கீழ."

"சரி, அதனால என்ன?"

"அதனால ஒண்ணும் இல்ல. தெரிஞ்சதுல ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்."

எதையாவது தெரிந்துகொண்டால் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். புதுப் புடவை எடுத்துக் கொடுத்தால்கூட அந்த முகம் வராது. முதலில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். தீவில் கல்லூரி திறந்ததும் அங்கே பூகோள விரிவுரையாளர் ஆனாள். மாணவர்களை வகுப்பில் உட்கார வைக்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. மழையோ வெயிலோ, எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விடுவாள். குடியேறிய ஊர்களில் யார் எங்கிருந்து வந்தார்கள், எதைப் பயிர் செய்கிறார்கள், பிள்ளைகள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதச் சொல்வாள். சோறு கட்டிக்கொண்டு நானும் சில நாள் போவேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து நான் மட்டும் என்ன செய்ய?

அப்படித்தான் 1970 டிசம்பரில் சௌல்தாரிக்குப் போனோம். சௌல்தாரியையும் தாண்டி, காட்டு வழியாக உள்ளே போனால் ஒரு குடியிருப்பு. எல்லாம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து காட்டைத் திருத்தி நெல் போட்ட குடும்பங்கள். அங்கே நாகமுத்து என்பவரின் மகள் தங்கம் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ரோட்டு மேல் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்குக் காட்டைக் கடந்து போய் வருவாள். அண்ணி அவளிடம் என்னமோ கேட்க, அந்தப் பெண் குச்சியை எடுத்துத் தரையில் தீவுகளின் படத்தைக் கடகடவென்று போட்டுவிட்டாள். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்தப் பொண்ணு என் காலேஜுக்கு வரணும்" என்றாள்.

நாகமுத்து தலையைச் சொறிந்தார். "எட்டாவதோட நிப்பாட்டிரலாம்னு இருக்கேன் டீச்சரம்மா. ஸ்கூல்ல சுட்டின்னு புள்ளைங்கள விடுறதே நாலரைக்கு. அஞ்சு மணிக்கே இங்க அந்தேரா ஆயிருது, கண்ணு தெரியாது. காட்டுக்குள்ள பாம்பு இருக்கு, பன்னி இருக்கு. ரோஜ் சாயங்காலம் நான் வயலை விட்டுட்டு லாந்தரைத் தூக்கிக்கிட்டு எதிர்க்கப் போறேன். இன்னும் மூணு வருசத்துக்கு நம்மால ஆகாது."

"நீங்க காலையில எப்ப எந்திரிப்பீங்க?"

"வெளிச்சம் வந்தா எந்திரிக்க வேண்டியதுதான். அஞ்சு, அஞ்சேகால்."

"தங்கம்?"

"அவளும் அப்பத்தான்."

"ஸ்கூல் பத்து மணிக்குத்தானே? அது வரைக்கும் இவ என்ன பண்றா?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள். யோசித்துப் பார்த்தால் பளபளவென்று விடிந்து, குளுகுளுவென்று இருக்கிற ஐந்து மணி நேரம் சும்மா போகிறது. வெளிச்சமெல்லாம் போன பிறகு பிள்ளை காட்டுக்குள் நடக்கிறது. எனக்கே அப்போதுதான் உறைத்தது. அண்ணி எழுந்து நின்றுவிட்டாள்.

"மே மாசம் புது வகுப்பு ஆரம்பிக்கிற வரைக்கும் பொறுங்க. ஸ்கூலைக் காலையில ஏழு மணிக்கு ஆரம்பிக்க வச்சிட்டா மத்தியானமே வீட்டுக்கு வந்துடுவா. அப்ப அனுப்புவீங்கல்ல?"

"வெளிச்சத்துல வந்து வெளிச்சத்துல போனா எனக்கென்ன கசக்குதா? அனுப்புறேன். ஆனா மே மாசம் வரைக்குந்தான்."

மறுநாளே கல்வி அதிகாரி கிருஷ்ணமூர்த்தியைப் போய்ப் பார்த்தோம். மெயின்லாண்டிலிருந்து மாற்றலாகி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல மனுஷர்தான், ஆனால் சட்டைப் பையில் பேனாவோடு சேர்த்துப் பயத்தையும் குத்தி வைத்திருப்பவர். அண்ணி சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், தேசம் பூரா ஸ்கூல் பத்து மணிக்கு. இங்க மட்டும் ஏழு மணின்னா ஆடிட்காரன் என்னைத்தானே பிடிப்பான்? சூரியனைப் பாத்தா சர்க்கார் நடத்த முடியும்? இதெல்லாம் நீங்க பார்லிமெண்டுல போய்க் கேக்க வேண்டிய விஷயம்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த கிளார்க்கும் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

"அப்படியா சார்? சரி, கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் பார்லிமெண்டைக் கலைத்துவிட்டார்கள். மார்ச்சில் தேர்தல் என்று ரேடியோவில் சொன்னபோது அண்ணி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "நான் நிக்கப் போறேன்" என்றாள். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர்கள் தேர்தலில் நிற்க முடியாது. வேலையை விட வேண்டும். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாரோ ஒரு பொண்ணு ஒன்பதாவது படிக்கறதுக்காக நீங்க வேலைய விடுவீங்களா அண்ணி? பைத்தியமா உங்களுக்கு?"

"ஒரு பொண்ணா? இந்தத் தீவுல எத்தனை குடியிருப்பு இருக்கு, எத்தனை காட்டு வழி இருக்கு மரகதம்?"

நான் அண்ணனைப் பார்த்தேன். நாலு நல்ல வார்த்தை சொல்லித் தடுப்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ தோசையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "என்ன சின்னம் கேக்கப் போற?" என்றான். இந்த வீட்டில் புத்தியுள்ளவள் நான் ஒருத்திதான் என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

சூரியன் வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அது மெயின்லாண்டில் ஒரு கட்சியிடம் இருக்கிறதாம், தர மாட்டார்களாம். கடைசியில் சேவல் கிடைத்தது. அடடா, அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! ஜங்லிகாட் சந்தில் நாங்கள் நுழைந்தாலே பிள்ளைகள் கூட்டமாகக் கூவும். அண்ணியும் திருப்பிக் கூவுவாள். எம்.ஏ. படித்தவள்! மீன்காரப் பெங்காலி அம்மாக்கள், தெலுங்குக்காரர்கள், மலையாளிகள் எல்லாரிடமும் தீவு இந்தியிலேயே பேசினாள். இலக்கணம் எல்லாம் பார்க்கவில்லை. பஸ்ஸில் பேசினாள், டோங்கியில் போகும்போது துடுப்புப் போடுகிறவரிடமும் பேசினாள். மற்ற வேட்பாளர்கள் ரோடு, தண்ணீர், ரேஷன் என்று வரிசையாகச் சொன்னார்கள். இவளுக்கு ஒரே பேச்சுத்தான். பள்ளிக்கூடம் சேவல் கூவுகிற நேரத்துக்குத் தொடங்க வேண்டும், பெண் பிள்ளைகள் வெளிச்சத்தில் வீடு திரும்ப வேண்டும்.

குடியிருப்புகளில் அவளுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து எனக்கே ஆசை வந்துவிட்டது. ஜெயித்துவிடுவாள் போலிருக்கிறதே என்று நினைத்தேன். நாகமுத்துவின் ஊரில் பேசும்போது சொன்னாள்: "நீங்க பொழுது பாத்து நடக்கறீங்க. அதை ஆபீஸ்காரங்க தப்புன்னு சொல்றாங்க. தப்பு உங்க மேல இல்ல, கடிகாரத்து மேல. இனிமே யாராவது மணி கேட்டா, வானத்தைக் காட்டுங்க!" ஜனங்கள் கை தட்டிய தட்டலில் மரத்திலிருந்த கிளிகள் பறந்தன. நானும்தான் தட்டினேன்.

தேர்தலுக்கு முந்தின நாளே அந்த ஊருக்குப் போய் நாகமுத்து வீட்டில் தங்கினோம். நான் அண்ணியின் பூத் ஏஜெண்டு. ஊருக்குள் இருந்த சின்னப் பள்ளிக்கூடம்தான் பூத். அங்கே அதிகாரியாக வந்து படுத்திருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? கிருஷ்ணமூர்த்தியேதான். தீவில் தேர்தல் வேலைக்கு ஆள் பற்றாது, எல்லா ஆபீஸிலிருந்தும் பிடித்துப் போட்டுவிடுவார்கள்.

காலையில் ஒரே சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். சூரியன் வந்துவிட்டது. ஊர் முழுக்கப் பூத் முன்னால் வரிசையில் நிற்கிறது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், குளித்து, எண்ணெய் தடவி, பூ வைத்து, திருவிழா மாதிரி. யாரோ கதவைத் தட்ட, கிருஷ்ணமூர்த்தி பனியனோடு வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வெயிலைப் பார்த்தார். ஜனத்தைப் பார்த்தார். நேரம் தவறித் தூங்கிவிட்டோம் என்று முகம் வெளுத்துவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், உதறினார், காதில் வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. மணி ஆறுகூட ஆகவில்லை.

"என்னய்யா இது, கலாட்டாவா? ஓட்டு எட்டு மணிக்கு!"

"பொழுது விடிஞ்சிருச்சே சாப்" என்றார் வரிசையில் முதலில் நின்றவர்.

"எட்டு மணிய்யா, எட்டு மணி!"

"சாப், மேலே பாருங்க" என்று அவர் வானத்தைக் காட்டினார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கி வானத்தைக் காட்டினார்கள்.

எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. இதைச் சொல்லிக் கொடுத்த மகராசி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். "எல்லாரும் கொஞ்ச நேரம் காத்திருங்க" என்று சொல்லப் போனவளைக் கிருஷ்ணமூர்த்தி கை காட்டித் தடுத்தார்.

"மேடம், நீங்க வேட்பாளர். நூறு கஜத்துக்குள்ள பிரசாரம் பண்ணப்படாது."

"காத்திருங்கன்னு சொல்றது பிரசாரமா சார்?"

அவர் பிரஷ்ஷோடு நின்று யோசித்தார். யோசித்துவிட்டு, "ரூல்ல தெளிவா இல்ல" என்றார். அதற்குள் மரக்கூப்பு லாரி வந்து ஹார்ன் அடித்தது. மரம் இழுக்கிற ஆண்கள் பாதிப் பேர் ஏறிப் போய்விட்டார்கள். லாரியைத் தவற விட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது. கொஞ்ச நேரத்தில் வயலுக்குப் போகிறவர்கள் போனார்கள். குழந்தை அழுகிறது, கஞ்சி வைக்க வேண்டும் என்று பெண்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கொத்தாகக் கையில் இருந்த ஓட்டுகள் கண் முன்னாலேயே காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன. அண்ணி நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு பலா மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கிருஷ்ணமூர்த்திக்கு எட்டு மணி வரை செய்வதற்கு ஒன்றும் இல்லை. படியில் உட்கார்ந்திருந்தார். அருமையான காற்று. பக்கத்தில் தங்கம் ஒரு மரத்தில் சாய்ந்து புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தினமும் இந்நேரம் என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டார்.

"ஸ்கூல் எப்பத் தொறப்பாங்கன்னு பாத்துக்கிட்டு இருப்பேன் சார்."

எட்டு மணிக்குக் கதவைத் திறந்தபோது வரிசையில் பத்துப் பதினைந்து பேர்தான் இருந்தார்கள். வயலுக்கும் அடுப்படிக்கும் போனவர்களில் சிலர்தான் அப்புறம் வந்தார்கள்; லாரியில் போனவர்கள் திரும்பியது பூத் மூடிய பிறகு.

சாயங்காலம் ஓட்டெடுப்பு முடிந்து பெட்டிக்கு அரக்கு வைத்து எல்லாம் ஆவதற்குள் இருட்டிவிட்டது. ஜீப் ரோட்டில்தான் நிற்கும். பெட்டியைச் சுமந்துகொண்டு இரண்டு போலீஸ்காரர்கள், கிருஷ்ணமூர்த்தி, நாங்கள் எல்லாரும் காட்டு வழியில் நடந்தோம். முன்னால் லாந்தரோடு நாகமுத்து. கிருஷ்ணமூர்த்தி இரண்டு தடவை வழுக்கினார். ஒரு தடவை உட்கார்ந்தே விட்டார். கணுக்காலில் அட்டை ஏறியபோது அவர் போட்ட கூச்சலில் போலீஸ்காரர்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டார்கள். நான் இருட்டில் வாயில் துணியை வைத்துச் சிரித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு அடங்காது.

ஜீப்பில் ஏறுவதற்கு முன் அவர் நாகமுத்துவிடம் கேட்டார்.

"உம்ம பொண்ணு இந்த வழியாவா வருது?"

"ஆமா சாப். ஸ்கூல் இருக்குற நாளெல்லாம்."

அண்ணி தோற்றாள். டெபாசிட்டும் போயிற்று. அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடிய ஊரிலேயே பாதிக்கு மேல் ஓட்டு விழவில்லை. முடிவு தெரிந்த அன்று அவள் அழவில்லை. "பாடம் நல்லா நடத்திட்டேன் போலிருக்கு மரகதம். பரீட்சைக்குத்தான் சீக்கிரமா வந்துட்டாங்க" என்று சிரித்தாள். ஆனால் அடுத்த நாள் கல்லூரி மணி அடிக்கிற நேரத்துக்குப் புடவை கட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டு, வேலை இல்லை என்று ஞாபகம் வந்து திரும்பி வந்தாள். அதைப் பார்த்து நான் சமையலறையில் போய் அழுதேன்.

இரண்டு வாரம் கழித்துக் கிருஷ்ணமூர்த்தி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ரோட்டு மேல இருக்கற அந்த ஒரு ஸ்கூல்ல மட்டும், சோதனை முறையில, மே மாசத்துலேருந்து காலையில ஏழு மணி. எப்படி நடக்கறதுன்னு நீங்க கூட இருந்து பாத்து ரிப்போர்ட் எழுதணும் மேடம். அதுக்கு ஒரு தற்காலிக போஸ்ட் வாங்கியிருக்கேன்."

நான் விடுவேனா? "ஏன் சார், இதுக்குப் பார்லிமெண்டுக்கே போகணும்னு சொன்னீங்களே?"

அவர் இருமினார். "ரூலை எடுத்துப் படிச்சுப் பாத்தேம்மா. என் கையெழுத்தே போதுமாம்."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் இல்லாமல் போயிருந்தால் அந்த ரிப்போர்ட்டும் இல்லை, அது டெல்லிக்குப் போய் யாரோ படித்து அண்ணியைக் கமிட்டிக்குக் கூப்பிட்டதும் இல்லை. 77இல் அவள் மறுபடியும் நின்றாள், மறுபடியும் தோற்றாள். அந்தத் தடவை எட்டு மணிக்கு வரச் சொல்லி ஊர் ஊராகத் தொண்டை கிழியக் கத்தினேன் நான். எல்லாரும் சரியாக எட்டு மணிக்கு வந்தார்கள், வேறு ஒருவருக்குப் போட்டுவிட்டுப் போனார்கள். அது வேறு கதை.

மே மாதம் பள்ளிக்கூடம் திறந்த நாள் நானும் அண்ணியும் விடிகிற நேரத்துக்கே போய் வாசலில் நின்றோம். கிருஷ்ணமூர்த்தியும் வந்திருந்தார். யாரும் வராவிட்டால் அந்தச் சோதனை அன்றைக்கே முடிந்தது. நல்ல வெளிச்சத்தில் காட்டுக்குள்ளிருந்து நாகமுத்து வருவது தெரிந்தது. பின்னால் தங்கம். அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண், இவளைவிட ஒரு சாண் உயரம், கையில் பழைய சிலேட்டு.

நாகமுத்து எங்களிடம் வரவில்லை. நேரே கிருஷ்ணமூர்த்தியிடம் போனார்.

"சாப், இது மூத்தவ, ருக்கு. எட்டாவது முடிச்சதும் நிப்பாட்டிட்டேன், மூணு வருசம் ஆச்சு. இப்ப வெளிச்சத்துல போய் வரலாம்கிறாங்களே. இவளையும் சேத்துக்குவீங்களா? வயசு கூடிருச்சின்னு சொல்லிருவீங்களோன்னு ராத்திரியெல்லாம் தூங்கல சாப் இவ."

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு நாங்கள் போன ஒவ்வொரு தடவையும் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான். தேர்தலுக்கு முந்தின நாள் எங்களுக்குப் பாய் விரித்தவளும் அவள்தான். தங்கத்தைப் பற்றித் தீவு முழுக்க மூன்று மாதம் பேசினோம். இவளிடம் நீ என்ன படித்தாய் என்று ஒரு வார்த்தை யாரும் கேட்டிருக்கவில்லை, அண்ணி உள்பட. இவளும் தானாகச் சொன்னதில்லை.

கிருஷ்ணமூர்த்தி வயசு கேட்கவில்லை. ரூலையும் தேடவில்லை. "உள்ள போய் உக்காரும்மா" என்றார்.

அக்காவும் தங்கையும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தங்கம் நகர்ந்து, ஜன்னல் ஓரத்து இடத்தை அக்காவுக்குக் கொடுத்தாள். தேர்தலில் தோற்றபோது அழாத எங்கள் அண்ணி அந்த வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். என் தோளெல்லாம் நனைந்துபோயிற்று. எனக்கு வந்த சந்தோஷத்தில் நானும் சேர்ந்து அழுதேன்.

நாகமுத்துவுக்குத்தான் தாங்கவில்லை. "என்ன டீச்சரம்மா நீங்க, விடியக்காலையில! புள்ளைங்க பாக்குது, கண்ணைத் தொடைங்க" என்று எங்கள் இரண்டு பேரையும் அதட்டிவிட்டு வயலுக்குப் போனார்.